கருச்சிதைவு விவாதத்தில் நல்ல சமாரியன்

கருச்சிதைவைக் குறித்து நம் பிரசங்க பீடங்களில் எழும் வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கின்றது: கருவிலுள்ளது மனித உயிரா, அன்றா? சங்கீதம் 139-ஐயும் எரேமியா முதலாம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டி, அது மனித உயிரே என்று நிறுவியவுடன் வழக்கு தீர்ந்ததாக எண்ணிவிடுகின்றோம். அவ்வளவில் தீரவில்லை என்பதை உணர்த்தும் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் (1929–2020) 1971-இல் வெளியிட்ட ‘கருச்சிதைவுக்கு ஓர் ஆதரவுரை’ என்பதே அது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருச்சிதைவு உரிமையை 1973-இல் ஏற்றதும் 2022-இல் நீக்கியதும் இக்கட்டுரையின் கேள்வியை மாற்றிவிடவில்லை.

கருவுற்ற கணமுதலே சிசு ஒரு மனிதப் பிறவி என்பதை வாதத்தின் பொருட்டு தாம்சன் ஒப்புக்கொள்கிறார். பின்பு ஓர் உவமையைக் கூறுகிறார். நீங்கள் கண் விழிக்கையில், நினைவிழந்த புகழ்பெற்ற வயலின் வித்துவான் ஒருவருடைய உடல் உங்கள் உடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. அவருடைய சிறுநீரக நோய்க்கு உங்கள் இரத்தமே பொருந்துமென்று இசை அன்பர்கள் உங்களைக் கடத்தி வந்துள்ளனர். ஒன்பது மாதம் இவ்வாறிருந்தால் அவர் பிழைப்பார், பிரித்தால் இறப்பார். அவருக்கு வாழும் உரிமை உண்டு. ஆயினும் அவ்வுரிமை உங்கள் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகிவிடுமோ என்பதே அவர் எழுப்பும் வினா.

அவர் எல்லாக் கருச்சிதைவையும் நியாயப்படுத்துகிறார் என்பது தவறு. வெளிநாட்டுப் பயணம் தள்ளிப்போகக் கூடாதென்று ஏழாம் மாதத்தில் அதனை நாடுவது பண்பற்ற செயல் என்றே எழுதுகிறார். பிரித்தபின்னும் சிசு பிழைக்குமாயின், அதன் மரணத்தைக் கோரும் உரிமை தாய்க்கு இல்லை என்றும் கூறுகிறார்.

வித்துவான் அந்நியர், சிசுவோ சொந்தக் குழந்தை. இணைப்பை நீக்குவது வேறு, கொல்வது வேறு என்னும் மறுப்புகளுக்கு வலிமை உண்டு. ஆனால் பலாத்காரத்தால் கருவுற்ற பெண்ணிடம் இவற்றைக் கூறுவதால் மட்டும் நம் கடமை முடிந்துவிடாது. ஆதலால் நாம் ஆராயவேண்டிய இடம் வேறு. தாம்சன் லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் உவமையையே தம் சான்றாகக் கொள்கிறார். நல்ல சமாரியன் தன் கடமைக்கு மேற்பட்டதைச் செய்தான். சாதாரண மனிதப் பண்புள்ளவன் செய்யக்கூடியது அதனினும் குறைவு. வழியில் சாகிறவனைக் கடந்து போகிறவனைப் பெரும்பாலும் தண்டியாத சட்டம், பெண்ணை மட்டும் நல்ல சமாரியனாகும்படி கட்டாயப்படுத்துவது நேர்மையன்று என்பது அவர் வாதம்.

சட்டத்தைப் பற்றிய அளவில் இது எளிதில் தள்ளத்தக்கதன்று. உவமையின் விளக்கமாக நோக்கினால் குறையுடையது. காயப்பட்டவனுக்கு என்மேல் என்ன உரிமை என்று தாம்சன் கேட்கிறார். நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்டதும் கடமையின் எல்லையையே. இயேசு அதற்கு எல்லை வகுக்கவில்லை. யார் பிறனாயிருந்தான் என்று கேள்வியையே திருப்பினார். அத்திருப்பத்தின்படி, கருவிலுள்ள சிசுவும் நம் பிறனே என்பது என் துணிபு.

ஆனால் அக்கட்டளை யாருக்கு? சமாரியன் சுமையைத் தனியே தாங்கவில்லை. காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான், மேற்செலவையும் ஏற்றான். தாம்சனின் கட்டுரையிலோ பெண் தனியே நிற்கிறாள். சத்திரமும் இல்லை, சத்திரக்காரனும் இல்லை. நம் பிரசங்கங்களிலும் அவள் அவ்வாறே நிற்கிறாள். கைவிடப்பட்ட பெண்ணைச் சபை ஒழுங்கின்கீழ் நிறுத்தி, காரணனான ஆணைத் திருவிருந்தில் அமர்த்தும் சபை, ஆசாரியனையும் லேவியனையும் போல மறுபுறமாகச் செல்கின்றது. பல வேளைகளில் வழியோரம் கிடப்பது சிசு மட்டுமன்று, தாயுந்தான்.

தாம்சன் நமக்கு அந்நியர் என்று சிலர் சொல்லலாம். அதே 1971-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பெண்ணின் உரிமையின்மேலன்று, மருத்துவரின் கருத்தின்மேலேயே அமைந்தது என்பது உண்மை. ஆயினும் சுமை யார்மேல் என்னும் கேள்வி இங்கும் அதுவே. உயிர் எப்பொழுது தொடங்குகிறது என்று நிறுவுவதால் மட்டும் ஐயமுடையோரை நாம் இணங்கச் செய்ய இயலாது. பிரசவச் செலவையும் பிள்ளையின் வளர்ப்பையும் தாயின் மானத்தையும் தன் பொறுப்பாக ஏற்கும் சபையே, சிசுவுக்காகப் பேசும் தகுதியுடையது.