அக்மாத்தில் ஒரு பெருநாள்

அரபிக் கல்லூரியின் மேல்வகுப்பில் அந்தலுஸியக் கவிதைகளைப் பாடம் சொல்லும் பொறுப்பு கால் நூற்றாண்டுக்கு மேலாக நம்மிடம் இருந்து வருகிறது. அவற்றுள் மாணவர்கள் ஆண்டுதோறும் விரும்பிக் கேட்கும் பாடல் ஒன்றுண்டு. இஷ்பீலியாவின் கடைசி அப்பாதீ மன்னர் முஃதமித் இப்னு அப்பாத், மொராக்கோ நாட்டு அக்மாத் என்னும் ஊரில் சிறைப்பட்டிருந்தபோது, ஒரு நோன்புப் பெருநாளன்று பாடியது அது. ஏறத்தாழப் பத்து பைத்துகளே கொண்ட சிறு பாடல். இத்தனை ஆண்டுகளும் அதனை நாம் தவறாகவே நடத்தி வந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

உலக வாழ்வின் நிலையாமைக்கு எடுத்துக்காட்டு என்றே அப்பாடலை அறிமுகம் செய்வோம். அரியணை போயிற்று, செல்வம் போயிற்று, பெருநாளும் போயிற்று. துக்கம் புகுந்த வீட்டில் பெருநாளுக்கு இடமில்லை என்பதே கவிஞரின் கருத்து என்போம். மாணவர்கள் அப்படியே எழுதுவார்கள். நாமும் மதிப்பெண் போடுவோம்.

வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். முஃதமித் ஹிஜ்ரி 461-இல் (கி.பி. 1069) ஆட்சிக்கு வந்தார். தாமும் புலவர், புலவர்களைப் போற்றியவர். காஸ்தீலிய மன்னன் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் நெருக்கடி தாங்காமல், கடலுக்கு அப்பாலிருந்து முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷிஃபீனை உதவிக்கு அழைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஹிஜ்ரி 479-இல் (1086) ஸல்லாக்காப் போரில் வெற்றி கிட்டியது. ஐந்தாண்டு கழித்து அதே யூசுஃபின் படை இஷ்பீலியாவைக் கைப்பற்றியது. அந்த ஓராண்டிலேயே முஃதமிதின் புதல்வர் இருவர், ஒருவர் குர்துபாவிலும் மற்றவர் ருந்தாவிலும், கொல்லப்பட்டனர். மன்னர் மனைவி மக்களுடன் கப்பலேற்றப்பட்டு, இறுதியில் மர்ராகுஷ் நகருக்கு அண்மையிலுள்ள அக்மாத்தில் வைக்கப்பட்டார். ஹிஜ்ரி 488-இல் (1095) அங்கேயே உயிர் நீத்தார். யூசுஃப் செய்தது முறையா என்ற வழக்கை வரலாற்றாசிரியர்களிடமே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது இது: அப்பாடல் எழுந்த வீடு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு.

பாடலில் மன்னர் 'நான்' என்று பேசவில்லை. தம்மை முன்னிலையில் நிறுத்தி, 'நீ' என்று விளித்துக் கொள்கிறார். முன்பெல்லாம் பெருநாள் உன்னை மகிழ்வித்தது, இன்று அது உன்னை வருத்த வந்திருக்கிறது என்னும் பொருள்படத் தொடங்குகிறார். 'ஈத்' என்னும் சொல்லுக்குத் திரும்பி வருவது என்பது வேர்ப்பொருள் என அகராதியார் கூறுவர். அந்த வேரையே எடுத்து, இத்தகைய நாள் திரும்ப வேண்டாம் என்று அவர் சொல்லும்போது சொல்லுக்குள்ளேயே ஒரு போர் நடக்கிறது. நோன்பு திறத்தலைக் குறிக்கும் 'ஃபித்ர்', பிளத்தலைக் குறிக்கும் 'தஃப்தீர்' இரண்டும் ஒரு வேரில் கிளைத்தவை. நோன்பைத் திறந்த நாள் ஈரலைப் பிளந்த நாளாயிற்று என்று அவ்விரண்டையும் ஓரடியில் எதிரெதிரே நிறுத்துகிறார். பேரீச்சங்கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலுக்குக் 'கித்மீர்' என்று பெயர். அந்தக் கித்மீரளவு உடைமையும் தம் பெண்மக்களுக்கு இல்லை என்கிறார். அச்சொல் திருக்குர்ஆனில் 'ஃபாத்திர்' அத்தியாயத்தில் வருவது. அவ்வத்தியாயத்தின் பெயரும் அதே ஃபித்ரின் வேரிலிருந்து பிறந்தது. கவிஞர் எண்ணிச் செய்ததோ, தற்செயலோ, நமக்கு இன்பம் தருகிறது.

சொல்லழகை இவ்வளவு தூரம் விளக்கிய நாம், பாடலில் நடக்கும் நிகழ்ச்சியைக் கவனிக்கவே இல்லை. என்ன நடக்கிறது? கிழிந்த உடையுடன், பசியுடன், கூலிக்கு நூல் நூற்றுப் பிழைக்கும் அப்பெண்மக்கள், பெருநாள் காலையில் வெறுங்காலுடன் சேற்றை மிதித்துத் தந்தைக்கு ஸலாம் சொல்ல வருகிறார்கள். இதுதான் நிகழ்ச்சி. சகோதரர்களை இழந்தவர்கள் அவர்களுந்தாம். வராமல் இருந்திருக்கலாம், எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் வந்தார்கள். மன்னர் பெருநாளைச் சபித்துக் கொண்டிருக்கும்போதே, அவர் கண்ணெதிரில் பெருநாள் கொண்டாடப்படுகிறது. பாடலின் உயிர் அந்த முரணில் இருக்கிறது. மன்னரின் புலம்பல் மட்டும் இருந்திருப்பின் அது நூறு புலம்பல்களுள் ஒன்றாகியிருக்கும்.

முதனப்பீயின் புகழ்பெற்ற பெருநாள் பாடலோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். ஹிஜ்ரி 350-இல், எகிப்தின் ஆட்சியாளர் காஃபூரிடம் எதிர்பார்த்த பதவி கிட்டாமல், ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி அந்நாட்டைவிட்டு வெளியேறியபோது அவர் பாடியது. தொடக்கம் கம்பீரமானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில அடிகளுக்குள் பெருநாள் மறைந்துபோகிறது. எஞ்சுவது காஃபூரின் அடிமைப் பிறப்பையும் கருநிறத்தையும் பழிக்கும் வசை. பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையைப் போற்றும் சமுதாயம் அந்த வசையைச் சுவைத்துப் படிப்பது நமக்கு என்றுமே உடன்பாடன்று. முதனப்பீயின் பெருநாளில் அவரைத் தவிர வேறு மனிதர் இல்லை. முஃதமிதின் பெருநாளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு உறவு தேடினால் புறநானூற்றுக்குத்தான் போக வேண்டும். தந்தையையும் குன்றையும் இழந்த பாரிமகளிர் சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிட்டுக் கலங்கும் 112-ஆம் பாட்டு ஒன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, இவ்வுலகைப் படைத்தவனை நொந்துகொள்ளும் பக்குடுக்கை நன்கணியாரின் 194-ஆம் பாட்டு மற்றொன்று. நன்கணியாரின் கருத்தை ஏற்பதில் நமக்குத் தடையுண்டு. அவர் கண்ட காட்சியை மறக்க முடியாது. அங்கே துக்கம் ஒரு வீட்டில், மகிழ்ச்சி வேறு வீட்டில். அக்மாத்தில் இரண்டும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன. பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

இதை நாம் நூலில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரஜப் மாதத்தில் நம் இளைய சகோதரர் வஃபாத்தானார். மனைவியும் இரு பெண்மக்களும் ஒரு சிறுவனும் எஞ்சினர். குடும்பத்தில் மூத்தவர் நாமே. "இந்த ஆண்டு நம் வீட்டில் பெருநாள் இல்லை" என்று சொன்னவரும் நாமே. மார்க்கச் சட்டம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஊர் வழக்கம் என்றோம். புத்தாடை எடுக்கவில்லை, வட்டிலப்பம் செய்யவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஒன்பது வயதான இளைய பெண் பழைய பாவாடையுடன் வந்து நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், பெரியவாப்பா" என்றாள். பெருநாள் காசுக்குக் கை நீட்டவில்லை. கேட்கக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்வை தரையிலேயே இருந்தது. ஸலாத்துக்குப் பதில் சொன்னோம். வேறு சொல் வரவில்லை.

ஷவ்வாலில் கல்லூரி திறந்து, அந்தப் பாடலும் வந்தது. பெண்மக்கள் ஸலாம் சொல்ல வரும் அடியில் நா தடைப்பட்டது. அவர்களுடைய தாழ்ந்த பார்வையைச் சொல்ல, மறுமை நாளில் குற்றவாளிகளின் பார்வையைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களையே மன்னர் கையாண்டிருக்கிறார். குற்றமற்ற குழந்தைகளுக்கு அச்சொற்கள் பொருந்தா என்று அதுவரை அதனைக் கவிதைக் குற்றமாகவே கூறி வந்தோம். அந்த ஆண்டு அப்படிக் கூறவில்லை. தாம் செய்யாத குற்றத்துக்காகக் குழந்தைகள் கண்ணைத் தாழ்த்தி நிற்பதை நாம் பார்த்திருந்தோம்.

அதன்பின்பே ஹதீஸ் நூல்களை இந்தக் கேள்வியோடு புரட்டினோம். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். ஏனையோருக்குத் துக்கம் மூன்று நாள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது; சிறுவயதிலிருந்து ஓதி வருவது. தந்தை அபூஸுஃப்யான் இறந்த செய்தி வந்து மூன்றாம் நாளில் அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் நறுமணத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். நறுமணத்தில் தமக்கு நாட்டமில்லை, இந்த ஹதீஸுக்காகவே செய்ததாகவும் சொன்னார்கள். மனம் விரும்பாதபோதும் கை செய்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தையே பாருங்கள். ஹிஜ்ரி 2, ரமழானில் பத்ருப் போர். வெற்றிச் செய்தியோடு ஸைது (ரலி) மதீனா வந்தபோது, பெருமானாரின் புதல்வி ருகையா (ரலி) அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இரண்டு வாரத்துக்குள் நோன்புப் பெருநாள். அந்த ஆண்டில்தான் அத்தொழுகை முதன்முதல் நடந்தது. பத்ரின் பங்காகக் கிடைத்த ஒட்டகத்தைக் கொண்டு அலீ (ரலி) அவர்கள் தம் திருமண விருந்துக்குப் பொருள் தேட முயன்ற செய்தி புகாரியில் இருக்கிறது. எனவே அன்னை பாத்திமா (ரலி) அவர்கள் மணமகளாகப் புகுந்தது தமக்கையின் மறைவுக்குப் பின்பே. உமறுப்புலவர் இத்திருமணத்தைத் தனிப் படலமாகக் காப்பிய மரபுக்கேற்ற பொலிவுடன் பாடியிருக்கிறார். அந்தப் பொலிவில் திளைக்கும் நாம், மணவீட்டில் ஒரு பெண்மகளின் இடம் வெறுமையாயிருந்ததை எண்ணுவதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பெருநாளன்று இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரலி) கடிந்ததையும், பெருமானார் (ஸல்) அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதையும் அறியாதவர் இல்லை. அவர்கள் பாடியது என்ன? புஆஸ் போரைப் பற்றி அன்ஸாரிகள் பாடியவை. அவ்ஸும் கஸ்ரஜும் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த போர் அது. பெருநாளில் பாடப்பட்டதும் இறந்தோரின் கதையே.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். மூத்த பெண்ணின் நிக்காஹ் அந்த ஷவ்வாலுக்கென்று தந்தை இருக்கும்போதே பேசி முடித்திருந்தது. ஓராண்டு தள்ளிவைக்கும்படி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியனுப்ப இருந்தோம். இத்தாவிலிருந்த தம்பி மனைவி நம் மனைவி மூலம் ஒரு வார்த்தை சொன்னார்: "அவங்க பார்த்து முடிச்ச சம்பந்தம். அவங்களைச் சொல்லியே அதை நிறுத்திடாதீங்க, மச்சான்." நிக்காஹ் நடந்தது. ஆரவாரம் இல்லை. ஈஜாப், கபூல் முடிந்ததும் பெண்கள் பகுதியிலிருந்து அழுகையொலி கேட்டது. சற்று நேரத்தில் சிரிப்பொலியும் கேட்டது. எது யாருடையது என்று தெரியவில்லை.

முஃதமிதின் வரலாற்றில் அனைவரும் அறிந்த கதை ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' நூலில் தருவது. செழிப்பான காலத்தில் அரசி இஃதிமாத், நாட்டுப்புறப் பெண்கள் சேற்றில் இறங்கி நடப்பதைக் கண்டு தாமும் அவ்வாறு நடக்க ஆசைப்பட்டார். மன்னர் கஸ்தூரியையும் கற்பூரத்தையும் பன்னீரில் குழைத்துச் சேறாக்கினார். அரசியும் பெண்மக்களும் அதில் இறங்கி விளையாடினர். பிற்காலத்தில் ஒருநாள் சினத்தில் "உங்களிடம் நான் ஒரு நன்மையும் கண்டதில்லை" என்று அரசி சொல்ல, "அந்தத் தீன் நாளிலுமா?" என்றார் மன்னர், அரசி நாணிப்போனார். (தமிழில் எழுதும்போது மார்க்கமாகிய தீனும் களிமண்ணாகிய தீனும் ஒன்றுபோல் தோன்றும். இது களிமண்.) அக்மாத்துப் பாடலில் வெறுங்கால்கள் சேற்றை மிதிக்கும் இடத்தில் மன்னர் நினைவுகூர்வது அந்தக் கஸ்தூரியையும் கற்பூரத்தையுமே. ஊதாரித்தனம் என்று வகுப்பில் கண்டித்திருக்கிறோம், கண்டிக்கத் தக்கதே. ஆயினும் ஒரு குடும்பம் சேர்ந்து களித்த அரைநாள், அரசு போனபின்பும் அழியாமல் ஒரு கவிதைக்குள் வந்து நிற்கிறது.

நிக்காஹ் முடிந்த வாரம், சிறியவர்கள் இருவரையும் நம் மனைவி இரண்டு நாள் தம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர். "தகப்பன் இறந்து மூன்று மாதம் ஆகிறது, ஊர் சுற்றப் போகிறார்கள் என்று பேசுவார்களே" என்று நாம் தடுத்தோம். இத்தாவில் இருந்தவரே, "கூட்டிப் போங்க" என்று உள்ளிருந்து சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது பிள்ளைகளின் முழங்கால்வரை ஆற்றுச் சேறு காய்ந்திருந்தது. செருப்பு ஒன்று ஆற்றோடு போயிருந்தது. சிறியவள் அது போன கதையை நம்மிடம் ஒரு மணி நேரம் சொன்னாள். தந்தை போனபின் அவள் அவ்வளவு பேசியது அன்றுதான். அன்றிரவுதான் முதன்முதலாக "வாப்பா" என்று வாய்விட்டு அழுதாள். அதுவரை அவள் வாய்மூடி இருந்ததை ஸப்ர் என்று எண்ணி நாம் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

பாடலின் இறுதியில் மன்னர், தமக்குப் பின் அரசு பெற்று மகிழ்வோர் கனவில் ஏமாந்தவர்களே என்று முடிக்கிறார். மாணவர்கள் மனப்பாடம் செய்வது அந்த அடியைத்தான். நம் கருத்தில் பாடலின் மிகத் தளர்ந்த பகுதி அதுவே. சேற்றில் நின்ற கால்களைக் காட்டியபின் அறிவுரை எதற்கு? இந்த ஆண்டிலிருந்து தேர்வில் அதைக் கேட்பதில்லை. ஸலாம் சொல்ல வந்தவர்களைப் பற்றியே கேட்கிறோம்.

முஃதமித் இறந்தபோது, வேற்றூரார் ஒருவருக்குத் தொழவைக்கப்படுகிறது என்றே ஜனாஸாவுக்கு அறிவிக்கப்பட்டதாக இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதுகிறார். பின்னர் ஒரு பெருநாளன்று, அவருடைய அவைப்புலவராயிருந்த அபூபஹ்ர் அப்துஸ் ஸமத் அந்தக் கப்ரடியில் நின்று நீண்ட இரங்கற்பா ஒன்றைப் பாடி, மண்ணை முத்தமிட்டு அழுதார், கூடியிருந்தோரும் அழுதனர். அழுது முடித்து வீடு திரும்பியவர்களுக்கு ஸலாம் சொல்ல அவரவர் பிள்ளைகள் வாசலில் நின்றிருப்பார்கள். நூல்கள் அதை எழுதவில்லை.