நார்வேயின் மின்சார கார்: சலுகை யாருக்குப் போச்சு?

மின்சார கார்னு பேச்செடுத்தாலே நார்வேயை உதாரணம் காட்டுவாங்க. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சார கார். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அரசு விட்டுக்கொடுத்த வரி யார் வீட்டு வாசலில் போய் நின்றது?

1960 அக்டோபர் வரை நார்வேயில் சாதாரண ஆள் புது கார் வாங்க பெர்மிட் வேண்டும். கட்டுப்பாடு போன பிறகும் வரி கடுமையாகவே இருந்தது. மின்சார காருக்கு மட்டும் 1990-ல் பதிவு வரியையும், 2001-ல் மதிப்புக்கூட்டு வரியையும் நீக்கினார்கள். அன்றைக்கு இருந்ததெல்லாம் குட்டி வண்டிகள், யாருக்கும் உறுத்தவில்லை. 2013 செப்டம்பரில் அங்கே அதிகம் விற்ற கார், சொகுசு காரான டெஸ்லா மாடல் எஸ். கதை அங்கேதான் மாறுது.

மதிப்புக்கூட்டு வரியை மட்டும் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டரை லட்சம் குரோனர் காருக்கு 62,500 மிச்சம். பத்து லட்சம் காருக்கு இரண்டரை லட்சம் மிச்சம்! வசதி கூடக் கூட சலுகையும் கூடுது. 2023-ல்தான் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வந்தது. அந்த மாற்றம் வந்தபோதும் அந்தப் பெரிய காருக்கு 1,25,000 மிச்சமானது. சின்ன காரைப் போல இரண்டு மடங்கு.

"பணக்காரர் முதலில் வாங்கினால்தான் சார்ஜிங் வசதி பெருகும்" என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லா காருக்கும் ஒரே தொகையைத் தள்ளுபடியாகக் கொடுத்திருந்தால், அதே பணத்தில் இன்னும் நிறைய சின்ன கார்கள் ஓடியிருக்கும். நார்வேயைப் பின்பற்ற நினைக்கும் நாடுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது சலுகையை, சதவீதத்தை இல்லை.