அழித்தழித்து மெலிந்த தாள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காகத் தம்பி தன் 'ட்ரூயிட்' பாத்திரத்தைத் திருத்தி எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே சுகம். தாம்பரம் மொட்டைமாடி, மாலைக் காற்று, பென்சில் சீவிய வாசனை. விலங்குருவெடுக்கும் அந்த வனமந்திரவாதிக்கு விதிநூல் கரடியைத் தருகிறது. இவனோ அதை அழித்துவிட்டு, நன்மங்கலம் கல்குவாரிப் பாறையில் அமரும் கொம்பன் ஆந்தையை எழுதுகிறான். பள்ளிக்கரணையின் நீலத் தாழைக்கோழிக்கும் ஓரத்தில் இடம்.

2014 விதிப்படி 8ஆம் நிலைக்கு முன் பறக்கும் உரு கிடையாது. ஆந்தையைச் சீக்கிரம் தரவேண்டும், ஆட்டமும் ஒருபக்கம் சாயக்கூடாது. எனவே உயிர்ப்புள்ளியைக் குறைக்கிறான், இருபது முகப் பகடையைக் கடகடவென உருட்டிப் பார்க்கிறான், மறுபடி குறைக்கிறான். "அண்ணா, ஆந்தை பறந்தா சத்தமே வராதுல்ல?" அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ரப்பர் துகளை ஊதித் தாளைத் தூக்குகிறான். அழித்த இடத்தில் அவன் விரல் நிழலாகத் தெரிகிறது.