அழுக்குப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

தொழிலாளர் சட்டத்தை மீறும் முதலாளியின் பெயரை அரசே ஊரறியச் சொல்லலாமா? சில நாடுகள் சொல்லிப் பார்த்துவிட்டன. குறைந்தபட்சக் கூலி கொடுக்காத நிறுவனங்களின் பெயர்களை பிரிட்டன் வெளியிடுகிறது. தொழிலாளர் சட்டங்களை மீறிய 334 நிறுவனங்களின் பெயர்களை 2017 மே மாதம் ஜப்பான் ஒரே பட்டியலாக இணையத்தில் போட்டது. இவற்றுள் மூத்தது பிரேசிலின் பதிவேடு. அடிமைகளைப் போல ஆட்களை வைத்து வேலை வாங்கிய முதலாளிகளின் பெயர்கள் 2003 முதல் அதில் ஏறிவருகின்றன. அரசு அதற்கு வைத்த பெயர் நீளமானது. மக்கள் அதை 'லிஸ்டா சூஜா', அதாவது அழுக்குப் பட்டியல் என்கிறார்கள்.

பெயர் கெட்டுப்போகும் என்ற பயம் முதலாளியைத் திருத்தும் என்பது இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்களின் வாதம். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுமுன்பே அரசு தண்டிக்கிறது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரு தரப்பும் முதலாளியின் மானத்தைச் சுற்றியே பேசுகின்றன. எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. இந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்? படித்தவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

பிரேசிலைப் பார்த்தால் இது விளங்கும். அடிமை முறையை அந்நாடு 1888 மே 13 அன்று சட்டப்படி ஒழித்தது. நூறாண்டு கழித்தும் அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய பண்ணைகளில் அது வேறு உருவில் உயிரோடு இருந்தது. வறண்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஆள் பிடித்துவரும் தரகர்களை அங்கே 'பூனை' என்பார்கள். வண்டிக் கூலி, முன்பணம், பண்ணைக் கடையில் வாங்கிய சாப்பாட்டுச் சாமான், வேலை செய்யத் தேவையான கத்தியும் காலணியும்கூடக் கடன் கணக்கில் ஏறும். மாதம் முடியும்போது கூலியைவிடக் கடன் பெரிதாக நிற்கும். கடனை அடைக்காமல் கிளம்ப முடியாது. கிளம்பினால் காவலுக்குத் துப்பாக்கியோடு ஆள் நிற்பான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களை அறிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த முறை தன் நாட்டில் இருப்பதை 1995இல் அதிபர் ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோவின் அரசு ஒப்புக்கொண்டு, நடமாடும் ஆய்வுக் குழுவை அமைத்தது. தொழிலாளர் ஆய்வாளர்களும் அரசு வழக்கறிஞர்களும் போலீஸாரும் சேர்ந்து பண்ணைகளுக்குள் நுழைந்தார்கள். அன்று முதல் 60,000 பேருக்கு மேல் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அது ஆபத்தான வேலை. 2004 ஜனவரி 28 அன்று மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் உனாயீ வட்டாரத்தில் ஆய்வுக்குப் போன மூன்று அதிகாரிகளும் அவர்களுடைய ஓட்டுநரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு கட்டாய உழைப்பு, உடலை முறிக்கும் வேலை நேரம், மனிதத் தன்மையற்ற வேலைச் சூழல், கடனால் கட்டிப்போடுதல் ஆகிய நான்கையும் குற்றம் என்கிறது. ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. பண்ணை முதலாளி சிறைக்குப் போவது அரிது. அந்த இடைவெளியில்தான் பட்டியல் வேலை செய்யத் தொடங்கியது. அதன் வடிவமைப்பைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் பதிந்த குற்றச்சாட்டை எதிர்த்து முதலாளி நிர்வாகத்திடம் இரண்டு கட்டமாக வாதாடலாம். இரண்டிலும் தோற்ற பிறகுதான் பெயர் ஏறும். ஏறிய பெயர் இரண்டு ஆண்டு இருக்கும். பெயரோடு வரி அடையாள எண், பண்ணையின் இடம், மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும்.

அந்த எண்தான் பட்டியலுக்குப் பல் கொடுத்தது. வங்கி அதிகாரி கணினியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். 2010இல் பிரேசிலின் தேசிய நாணயக் கவுன்சில், பட்டியலில் இருப்பவர்களுக்கு விவசாயக் கடன் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2005இல், பட்டியலில் உள்ளவர்களிடம் சரக்கு வாங்குவதில்லை என்ற தேசிய உடன்படிக்கையில் பெரிய நிறுவனங்கள் கையெழுத்திடத் தொடங்கியிருந்தன. பாரா மாநிலக் காட்டுக்குள் மாடு மேய்க்கும் பண்ணைக்காரரின் பெயரை சாவோ பாவ்லோவின் குடும்பத் தலைவி படிப்பாரா, படித்து முகம் சுளிப்பாரா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. கடன் கொடுப்பவரும் இறைச்சி ஆலைக்காரரும் இரும்பாலைக்குக் கரி வாங்குபவரும் படித்தார்கள். பண்ணைக்காரருக்கு வலித்தது.

எவ்வளவு வலித்தது என்பதற்கு எதிரிகளே சாட்சி. 2014 டிசம்பரில், நீதிமன்ற விடுமுறைக் காலத்தில், கட்டுமான நிறுவனங்களின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. பட்டியலுக்குச் சட்டத்தின் அடிப்படை இல்லை, அமைச்சக ஆணைதான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தடை இருந்த காலத்தில் 'ரிப்போர்ட்டர் பிரேசில்' என்ற அமைப்பு தகவல் அறியும் சட்டத்தின்கீழ் அதே விவரங்களை அரசிடம் கேட்டு வாங்கி வெளியிட்டது. 2016இல் தடை நீங்கியும் அரசு இழுத்தடித்தது. 2017 மார்ச்சில்தான் பட்டியல் மீண்டும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மிஷெல் தெமேர் அரசு, அடிமைத் தொழிலின் வரையறையைச் சுருக்கி, அமைச்சரின் ஒப்புதல் இருந்தால்தான் பெயர் வெளிவரும் என்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஸா வேபர் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார். 2020 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் பட்டியல் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதே என்று முடிவு சொன்னது. அரசிடம் இருக்கும் தகவலை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இதை மிக முக்கியமான நிலைப்பாடாகக் கருதுகிறேன். பெயரை வெளியிடுவதைக் கூடுதல் தண்டனையாகப் பார்த்தால் அது சரியா என்ற சந்தேகம் எப்போதும் மிஞ்சும். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வின் முடிவை மக்களுக்குத் தெரிவிப்பதாகப் பார்த்தால், மறைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்ற அந்த ஒற்றை நிபந்தனை, இந்த முறையின் ஆறாத பலவீனத்தையும் காட்டிவிட்டது. பட்டியல் ஆட்சியாளர் கையில் இருக்கிறது. யார் பெயரை ஏற்றுவது, யார் பெயரைத் தள்ளிப்போடுவது என்பதை அரசியல் முடிவாக்கிவிட்டால், ஆள்பலம் இல்லாத சின்னப் பண்ணைக்காரர் மட்டும் பட்டியலில் மிஞ்சுவார்.

பிரிட்டனின் கோளாறு வேறு வகை. அங்கே 2011இல் தொடங்கிய திட்டம், நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் முதலில் பெயரளவில்தான் நடந்தது. 2013 அக்டோபரில் விதிகளைத் தளர்த்திய பிறகே பட்டியல்கள் தொடர்ந்து வரத் தொடங்கின. பாக்கிக் கூலியோடு, அதைப்போல் இரண்டு மடங்குவரை அபராதமும் உண்டு. 2020 டிசம்பர் கடைசியில் வந்த 139 நிறுவனங்களின் பட்டியலில் முதலிடம் டெஸ்கோ பல்பொருள் அங்காடிக்கு. சுமார் 78,000 ஊழியர்களுக்கு 51 லட்சம் பவுண்டு குறைத்துக் கொடுத்திருந்தது. தொழில்நுட்பப் பிழையைத் தாங்களே 2017இல் கண்டுபிடித்து அரசிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக டெஸ்கோ முறையிட்டது. 2021 பட்டியலில் ஜான் லூயிஸ். மாதாமாதம் சம்பளம் ஏறி இறங்காமல் சமமாக வரட்டும் என்று சராசரி போட்டுக் கொடுத்ததில், சில மாதங்களில் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டது என்றது. 2023இல் சீருடை விதியால் டபிள்யூ. ஹெச். ஸ்மித்.

சட்டத்தின் கண்ணில் கூலி குறைந்தால் குறைந்ததுதான். பிழையா சூழ்ச்சியா என்று அது பார்ப்பதில்லை. கூலி வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் பட்டியல் ஒரு படத்தை வரைகிறது, அந்தப் படம் பொய்யாகிவிடுகிறது. 2020இல்தான் லெஸ்டர் நகரத்துத் தையல் பட்டறைகளில் மணிக்கு மூன்றரை பவுண்டுக்கு ஆட்கள் வேலை செய்வதைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அங்கிருந்து துணி வாங்கிய பூஹூ நிறுவனம் நியமித்த வழக்கறிஞரே, குற்றச்சாட்டுகள் பெருமளவு உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அப்படிப்பட்ட பட்டறைகள் பட்டியலின் உச்சியில் வருவதில்லை. கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருப்பவரைத்தான் கணக்கு பார்த்துப் பிடிக்க முடியும். ரொக்கமாகக் கொடுத்து, கணக்கே வைக்காமல், மாட்டினால் கம்பெனியைக் கலைத்துவிட்டு அடுத்த வாரம் வேறு பெயரில் திறப்பவர் தப்பிவிடுகிறார். ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் பட்டியலை மட்டும் நீட்டினால், எளிதில் மாட்டுபவர்களின் பெயர்கள்தான் அதில் பெருகும். இன்னொன்று, பல ஆண்டுகளுக்கு முந்தைய மீறலுக்கு இன்று பெயர் வருகிறது. அதற்குள் வேலையை விட்டுப்போன ஊழியரைத் தேடிக் காசு கொடுப்பதே பெரும்பாடு.

ஜப்பானில் காலதாமதம் குறைவு. வழக்குக்காக அரசு வழக்கறிஞரிடம் அனுப்பிய உடனே பெயர் வரும். ஏறத்தாழ ஓராண்டு இருக்கும். தீர்ப்புக்கு முன்பே வெளியிடுவதால் இதை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. முதல் பட்டியலில் டென்ட்சு விளம்பர நிறுவனமும் இருந்தது. அளவில்லாத கூடுதல் நேர வேலையால் 2015 டிசம்பரில் அதன் இளம் ஊழியர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2017 அக்டோபரில் நீதிமன்றம் விதித்த அபராதம் ஐந்து லட்சம் யென். அந்த அளவு நிறுவனத்துக்கு அது ஒரு விளம்பரத்தின் செலவுக்குக்கூடக் காணாது. பட்டியல் வருமுன்பே அதன் தலைவரைப் பதவி விலகவைத்தது, அந்தச் சாவு வெளியே தெரிந்து எழுந்த கொந்தளிப்புதான்.

பெயர் வெளியீட்டின் பலனை அளந்து காட்டிய சிறந்த ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு 2009 முதல், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் அபராதம் விதித்தால் நிறுவனத்தின் பெயரோடு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. மேத்யூ ஜான்சன் என்ற பொருளியலாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்படி ஒரு குறிப்பு வந்தால் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் அதே தொழிலைச் சேர்ந்த மற்ற ஆலைகளில் மீறல்கள் 73 விழுக்காடு குறைந்தன. ஒரு குறிப்பு செய்த வேலையைச் செய்ய 210 ஆய்வுகள் தேவைப்படும் என்பது அவர் கணக்கு. பெயர் வந்தவரைவிடப் பக்கத்து ஆலைக்காரர் அந்தச் செய்தியைக் கவனமாகப் படித்திருக்கிறார். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, தொழிலாளர்களுக்குப் பேரம் பேசும் பலம் இருந்த இடங்களில்தான் இந்த விளைவு கூடுதலாக இருந்தது என்பது. செய்தியை எடுத்துக்கொண்டு போய் நிர்வாகத்தின் மேசையில் வைக்க அங்கே ஆள் இருந்தது.

திண்டுக்கல்லில் நடந்ததும் அதைத்தான் சொல்கிறது. 2021 ஜனவரியில் அங்கே நாச்சி அப்பாரல் ஆடை ஆலையின் தலித் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டு ஆடை வணிக நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. சில மாதங்களில், 2022 ஜூலையில், கட்டாய உழைப்பு நடந்ததற்கான அறிகுறிகள் உண்டு என்று அமெரிக்கச் சுங்கத் துறை ஆலையின் பெயரை அறிவித்து, அதன் ஆடைகளை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தியது. ஆலை திருந்தத் தொடங்கிய பிறகு வந்த தண்டனை அது. ஏற்றுமதி நின்றால் முதலில் வேலை இழப்பவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒப்பந்தத்தின்படி நடந்த மாற்றங்களைச் சங்கமும் கூட்டாளி அமைப்புகளும் எடுத்துக்காட்ட முடிந்ததால் செப்டம்பரிலேயே தடை விலகியது. சங்கம் இல்லாத ஆலையாக இருந்திருந்தால் அந்தப் பெண்கள் வேலையும் இழந்து, நியாயமும் கிடைக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: பெயரை வெளியிடத்தான் வேண்டும். ஆனால் முதலாளி வாதாட வாய்ப்புக் கொடுத்த பிறகே வெளியிட வேண்டும். பெயர் எத்தனை காலம் இருக்கும், எப்படி நீங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமைச்சரின் கையெழுத்துக்குக் காத்திருக்கக் கூடாது. வங்கியும் கொள்முதல் செய்பவரும் அரசு டெண்டர் அதிகாரியும் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பல குற்றங்களுக்கு அபராதத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டுச் சமரசமாக முடித்துக்கொள்ள வழிவிடுகின்றன. நீதிமன்றம் ஏறாமல் முடியும் வழக்கில் பெயர் யாருக்கும் தெரியாமல் போகலாம். அப்படி முடிந்த ஒவ்வொரு வழக்கிலும் நிறுவனத்தின் பெயர், பதிவு எண், மீறிய பிரிவு, தொழிலாளருக்குச் சேரவேண்டிய தொகை, அது சேர்ந்ததா இல்லையா என்ற விவரம் ஆகியவற்றை வெளியிடும்படி நம் தொழிற்சங்கங்கள் மாநிலத் தொழிலாளர் துறையிடம் இப்போதே கேட்க வேண்டும். தர மறுத்தால், பிரேசிலில் செய்ததைப்போல, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப்போட்டுக் கேட்க வேண்டும்.