பரதவர் புதினங்களில் இல்லாத ஊர்: ஆமந்துறையும் கொற்கையும்

திறவுச்சொற்கள்: நெய்தல், ஊர்ப்பெயர், நினைவு, கடல்புரத்தில், ஆழி சூழ் உலகு, கொற்கை

1544ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சிஸ் சவேரியார் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களுள் ஒன்று ஆலந்தலையிலிருந்து எழுதப்பட்டது. ஐரோப்பிய எழுத்தில் சற்றே திரிந்து நின்றாலும் ஊர்ப்பெயரை எளிதில் இனங்காணலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய அச்சிற்றூர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அன்றைய குடியிருப்பின் சுவடு எதையும் அங்கே தேட இயலாது. பனையோலை வேய்ந்த வீடு ஒரு தலைமுறைக்குள்ளேயே பலமுறை பிரித்துக் கட்டப்படுவது. காற்றும் அலையும் நெருங்கினால் இடம் பெயர்வது. மனை மாறியது, கரைக்கோடும் மாறியது. எஞ்சியது பெயரே.

இழந்த ஊரை நினைவுகூரும் தமிழ் எழுத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திண்ணை, முற்றம், கிணறு, வயல்வரப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. இது மருத நிலத்தின் அளவுகோல். சுவர் நிலைத்து நிற்கும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. அந்நம்பிக்கை இல்லாத நிலத்தின் புதினங்களையும் இதே அளவுகோலால் அளந்து, அவற்றில் 'ஏக்கம்' இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது பொருந்தாது.

நெய்தல் மரபு இழப்பை இரண்டு அளவுகளில் அறிந்திருந்தது. ஒன்று, சிறுமியர் மணலில் கட்டும் சிற்றில். அலை அதை அழிக்கும்; மறுநாள் மீண்டும் கட்டப்படும். மற்றொன்று, இறையனார் அகப்பொருள் உரை கூறும் கடல்கோள். தலைச்சங்க மதுரையும் கபாடபுரமும் அதில் மறைகின்றன. இப்பேரிழப்பு இருபதாம் நூற்றாண்டில் குமரிக்கண்டமாக விரிந்த வகையைச் சுமதி இராமசாமி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். விளையாட்டுக்கும் பெருங்காப்பியத்துக்கும் இடையே, நூறு வீடுகளும் ஒரு கோயிலும் கொண்ட துறையொன்று மறைவதைச் சொல்வதற்குத் தமிழில் ஒரு வடிவம் நெடுங்காலம் உருவாகவில்லை. கண்டம் மூழ்கியதற்கு அழுத புலமை, குப்பம் கரைந்ததைக் கவனிக்கவில்லை என்றும் சொல்லலாம்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இவ்வகையில் ஒரு தொடக்கம். மணப்பாட்டைக் களமாகக் கொண்ட அப்புதினத்தில் குரூஸ் மிக்கேலின் மகன் செபஸ்தி, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி தந்தையை வற்புறுத்துகிறான். வீடும் வல்லமும் ஒரே விற்பனையில் இணைவதைத் திறனாய்வாளர்கள் பொருளாதார நெருக்கடியாகவே விளக்கியுள்ளனர். அவ்விளக்கம் தவறன்று, போதாது. குரூசுக்கு இரண்டும் தனித்தனி உடைமைகள் அல்ல. கடலுக்குப் போவதால்தான் கரையில் ஒரு வீடு தேவைப்படுகிறது. வல்லம் போனபின் வீடு இருந்தாலும் அவருக்கு ஊர் இல்லை. லாஞ்சுகளுக்கும் வல்லங்களுக்கும் இடையே மூளும் பகையை நாவல் விரித்துச் சொல்வதும் இதனாலேயே முக்கியம். எவரும் வெளியேற்றப்படாத போதும் ஓர் ஊர் முடிந்துபோகக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இதனை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. அதன் களமான ஆமந்துறை எந்த நிலப்படத்திலும் இல்லை. ஆசிரியர் உவரியில் பிறந்தவர் என்பதால் ஆமந்துறையே உவரி என்று ஒரு வரியில் சமன்செய்துவிட்டு, புதினத்தை இனவரைவியல் ஆவணமாக வாசிக்கும் போக்கு ஆய்வேடுகளில் வேரூன்றியுள்ளது. மீன்பெயர்கள், வலைவகைகள், சடங்குகள் எனப் பட்டியல்கள் நீள்கின்றன. நினைவு எங்கிருந்து எழுகிறது என்னும் கேள்வி அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

புதினம் 1985இல், நடுக்கடலில் தொடங்குகிறது. கோத்ரா, சூசை, இளையவனான சிலுவை ஆகிய மூவரும் உயிருக்குப் போராடி மிதக்கின்றனர். அங்கிருந்தே கதை 1933க்குப் பின்செல்கிறது. ஊரை நினைப்பவர் பழைய வீட்டு வாசலில் நிற்பவர் அல்லர். அலையில் கிடந்து கரையைத் தேடுபவர். இது வெறும் கதைகூறல் உத்தி அன்று. நெய்தல் மாந்தர் தம் ஊரைக் காணும் இயல்பான கோணமே அது. மீன்படும் பாரின் இடத்தை அறிய, கரையிலுள்ள கோயிற்கோபுரத்தையும் உயர்ந்த பனையையும் அப்பாலுள்ள மலையையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்திப் பார்ப்பது மரபான வழக்கம். அவர்களுக்கு ஊர் என்பது முதலில் கடலிலிருந்து தெரியும் ஓர் அடையாளக்கூட்டு. வசிக்கும் இடம் என்பது அதற்குப் பின்னரே. ஆகவே ஆமந்துறைக்கு முகவரி இல்லாமை குறையன்று. உவரி என்று பெயரிட்டிருந்தால் வாசகர் பேருந்தேறிச் சென்று ஒப்பிட்டுப் பார்த்திருப்பர். ஆமந்துறைக்கு வழி அந்த மூவரின் நினைவு ஒன்றே. மூத்தவர் இருவரும் இளையவனுக்காகத் தம்மை இழக்கும்போது, அவ்வூரை அறிந்த இருவர் குறைகின்றனர்.

இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது 2009இல் வெளிவந்து 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை'. இங்கே உயிரோடுள்ள தூத்துக்குடிக்கு மறைந்த துறைமுகத்தின் பெயர் சூட்டப்படுகிறது. பாண்டியர் கொற்கையைக் கடல் விழுங்கவில்லை. தாமிரபரணியின் வண்டல் படிந்து கடலே அதனைவிட்டு விலகியது; இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றிலேயே கால்டுவெல் இதனை விளக்கியிருக்கிறார். கடல் கைவிட்ட ஊரின் பெயரைக் கடலால் வாழும் நகருக்கு இடுவதில் ஓர் எச்சரிக்கை இருக்கவே செய்கிறது. ஆயின் ஆயிரம் பக்கங்களைக் கடந்த அப்படைப்பில் அவ்வெச்சரிக்கையைவிடப் பெயரின் தொன்மைப் பெருமிதமே ஓங்கி ஒலிக்கிறது. தோணித்தொழிலின் வீழ்ச்சியைச் சொல்லும் பகுதிகள் வலிமையானவை. ஆனால் தெருவும் வீடும் மெல்ல மெல்லக் குடிவழி வரலாறாகிவிடுகின்றன. ஆமந்துறை ஒருவர் இழக்கக்கூடிய ஊர். கொற்கை ஓர் இனம் உரிமைகோரும் மரபு. நினைவின் கூர்மையில் முன்னதே மேலானது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

'ஆழி சூழ் உலகு' வெளிவந்த 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. இடங்காட்டும் கருவி வந்தபின் கோபுரத்தையும் பனையையும் நேர்நிறுத்திப் பார்க்கும் தேவையும் குறைந்தது. ஆலந்தலைக்குத் தெற்கே கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் திட்டத்திற்கான நிலக்கரி இறங்குதளம் கடலுக்குள் நீள்கிறது. அதற்கும் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடலிலிருந்து காணும் கரையின் தோற்றமே மாறிவருகிறது. எந்தப் பனைக்கும் எந்தக் கோபுரத்துக்கும் நேரே எந்தப் பார் இருந்தது என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் இக்கரையூர்களில் இன்னும் இருக்கின்றனர். மீன்பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடும் நெய்தல் ஆய்வு அடுத்துச் சென்று கேட்க வேண்டியது அவர்களிடம்.