குற்றம் ஐந்தாவது சுற்றில் இல்லை

2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் மேனி பாக்கியோவும் மரியோ பாரியோஸும் மோதிய வெல்டர்வெயிட் பட்டச் சண்டை டிராவில் முடிந்தது. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. திருவண்ணாமலை தேரடி வீதி டீக்கடையில் செல்போனைச் சுற்றி நின்ற பையன்களுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, 46 வயசு மனுசன் பன்னெண்டு ரவுண்டும் நின்னு அடிச்சிருக்காரு. ஜெயிச்சவரைப் போய் டிரான்னு சொல்றானுங்க, இது அநியாயம் இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். விளையாட்டு பார்க்கிறவனுக்கு அந்த ஆத்திரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த டிரா அநியாயம் இல்லை என்பதே என் கட்சி.

ஸ்கோர் கார்டுகளைப் பாருங்கள். இரண்டு நடுவர்கள் 114-114. மூன்றாமவர் பாரியோஸுக்கு 115-113. மூன்று பேருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சுற்றுதான். ஒன்பதாவது சுற்று முடிந்தபோது மூன்று கார்டிலும் பாக்கியோவே முன்னால் இருந்தார். கடைசி மூன்று சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஒருமனதாகப் பாரியோஸுக்குக் கொடுத்தார்கள். கையில் இருந்த வெற்றியைப் பாக்கியோ அந்த ஒன்பது நிமிடங்களில்தான் விட்டார். 2019-இல் கீத் தர்மனை வீழ்த்தி 40 வயதில் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனவர், தன் சாதனையைத் தானே முறியடிக்கும் தூரத்தில் நின்றார். டிரா என்றால் பட்டம் சாம்பியனான பாரியோஸிடமே தங்கிவிடும். நமக்கு வலிப்பது அந்த விதிதான். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே சண்டையைப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை போட வேண்டிய டிரா வேறு வகை. ஒரு நடுவர் இவர் வென்றார் என்கிறார், இன்னொருவர் அவர் வென்றார் என்கிறார், மூன்றாமவர் இருவரும் சமம் என்கிறார். இதற்கு 'ஸ்பிளிட் டிரா' என்று பெயர். மூன்று பேரில் ஒருவர் மட்டுமே சமம் என்று நினைத்ததை உலகமே சமம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு 1999 மார்ச் 13-ஐவிடப் பெரிய சாட்சி கிடையாது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். லெனாக்ஸ் லூயிஸ் கையில் ஒரு ஹெவிவெயிட் பட்டம், எவாண்டர் ஹோலிஃபீல்ட் கையில் இரண்டு. மூன்றையும் ஒருவரே எடுத்துப்போக வேண்டிய இரவு. மூன்றாவது சுற்றில் லூயிஸைச் சாய்ப்பேன் என்று ஹோலிஃபீல்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தார். நடந்ததோ தலைகீழ். லூயிஸின் நீண்ட இடக்கை ஜாப் ஹோலிஃபீல்டை எட்டவே நிறுத்தியது. ஐந்தாவது சுற்றில் அவரைக் கயிற்றில் சாய்த்து லூயிஸ் சாத்து சாத்து என்று சாத்தினார். பன்னிரண்டு சுற்றிலும் லூயிஸ் இறக்கிய குத்துகள் 348, ஹோலிஃபீல்ட் இறக்கியவை 130 என்று எண்ணிக்கை சொன்னது.

கார்டுகள் வந்தன. தென்னாப்பிரிக்காவின் ஸ்டான்லி கிறிஸ்டோடூலு லூயிஸுக்கு 116-113. அமெரிக்காவின் யூஜீனியா வில்லியம்ஸ் ஹோலிஃபீல்டுக்கு 115-113. இங்கிலாந்தின் லாரி ஓகானல் 115-115. மூன்று பட்டமும் அதனதன் இடத்துக்கே திரும்பின.

அன்றிலிருந்து இன்றுவரை பழி முழுவதும் யூஜீனியா வில்லியம்ஸ் தலையில்தான். ஹோலிஃபீல்ட் கயிற்றில் கிடந்து வாங்கிய அந்த ஐந்தாவது சுற்றையே அவர் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். நியூயார்க் செனட் குழு விசாரணை நடத்தியது. புகைப்படக்காரர்கள் மறைத்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றும், வீடியோவைப் பார்த்தபின் அந்தச் சுற்றை லூயிஸுக்கே தந்திருப்பேன் என்றும் அவர் சொன்னார்.

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஐந்தாவது சுற்றை மாற்றினால் அவருடைய கார்டு 114-114 ஆகும். ஒரு கார்டு லூயிஸ், இரண்டு கார்டு சமம். அப்போதும் டிராதான்! உலகமே கொதித்த அந்தச் சுற்றைத் திருத்தினாலும் முடிவு ஒரு இம்மி நகராது.

முடிவைக் கையில் வைத்திருந்தவர் ஓகானல். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பது வழக்கம். யாரும் விழாத, புள்ளி பிடிக்காத பன்னிரண்டு சுற்றுக்கு இருவரின் கூட்டுத்தொகை 228 வர வேண்டும். ஓகானல் கார்டில் 230. அதாவது இரண்டு சுற்றுகளுக்கு 10-10 போட்டிருக்கிறார். அந்த இரண்டில் ஒன்றையாவது லூயிஸுக்குத் தந்திருந்தால் 115-114, இரண்டு கார்டு லூயிஸ் பக்கம், ஹெவிவெயிட் உலகுக்கு அன்றே ஒரே சாம்பியன். லூயிஸின் நாட்டுக்காரரே கொடுத்த கார்டு அது. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம் அவர் கையைப் பிடித்ததோ என்னவோ, அவர் மனசு அவருக்குத்தான் தெரியும். குத்துகள் 348-க்கு 130 என்று இருக்கும் சண்டையில் இரண்டு சுற்றுகளைச் சமம் என்று ஒதுக்கியதை நடுநிலை என்று நான் ஏற்க மாட்டேன்.

நடுவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். ரிங்கின் மூன்று பக்கத்தில் மூன்று பேர். பார்வை மட்டத்தில் கயிறு, பக்கத்தில் கேமராக்காரர்களின் முழங்கை, முக்கியமான குத்து விழும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் ரெஃப்ரியின் முதுகு. மணி அடித்ததும் துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான். 'இந்தச் சுற்றில் எனக்குப் பாதி தெரியவில்லை' என்று எழுத அதில் இடம் கிடையாது. அடிமுடி தேடிய கதை நம்மூர்க் குழந்தைக்கும் தெரியும். அடியைக் காணவில்லை என்று வந்து ஒப்புக்கொண்ட திருமாலுக்கு மதிப்பு குறையவில்லை. காணாத முடியைக் கண்டதாகச் சாட்சி சொன்ன தாழம்பூ பூஜையை விட்டே தள்ளப்பட்டது. வில்லியம்ஸ் பின்னால் உண்மையைச் சொன்னார், அது பெரிய மனசு. அதை அன்றிரவே சொல்ல அவருக்கு வழியிருந்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த டிராக்களும் இதே கதைதான். 2017-இல் கனெலோ அல்வாரெஸ் - கென்னடி கோலோவ்கின் மோதலில் அடிலெய்ட் பேர்ட் கனெலோவுக்குக் கொடுத்த 118-110 பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். முடிவைத் தீர்மானித்தது 114-114 போட்ட டான் டிரெல்லாவின் கார்டு. பலர் கண்ணுக்குக் கோலோவ்கின் தெளிவாக வென்ற ஏழாவது சுற்றை அவர் கனெலோவுக்குக் கொடுத்திருந்தார். பாக்கியோவும் இந்த அடியை முன்பே வாங்கியவர்தான். 2004-இல் ஹுவான் மானுவல் மார்க்கெஸை முதல் சுற்றிலேயே மூன்று முறை தரையில் வீழ்த்தினார். மற்ற இருவரும் 10-6 போட, பர்ட் கிளெமென்ட்ஸ் 10-7 போட்டுவிட்டுப் பின்னால் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு புள்ளிதான் 113-113 ஆகி, டிரா ஆனது.

2018 டிசம்பரின் டியோன்டே வைல்டர் - டைசன் ஃபியூரி டிரா மட்டும் எனக்கு உறுத்தவில்லை. அதுவும் ஸ்பிளிட்தான். ஃபியூரி அதிகச் சுற்றுகளை வென்றார், ஆனால் ஒன்பதிலும் பன்னிரண்டிலும் விழுந்தார். விழுந்த சுற்று 10-8. ஏழு சுற்று வென்றவருக்கும் ஐந்து சுற்று வென்று இருமுறை வீழ்த்தியவருக்கும் 113-113 என்று ஃபில் எட்வர்ட்ஸ் போட்ட கார்டை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

தமிழ்நாட்டில் சமன் முடிவு என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது சேப்பாக்கம். 1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட், கடைசிக்கு முந்தைய பந்து. கிரெக் மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. என்று வி. விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார், ஆட்டம் 'டை'. பந்து மட்டையில் பட்டது என்று இந்தியத் தரப்பு சொன்னது. அதற்குப் பிறகு அவர் எந்த டெஸ்ட்டிலும் நடுவராக நிற்கவில்லை. தீர்ப்பு சரியோ தவறோ, யார் கொடுத்தார், எந்தப் பந்துக்குக் கொடுத்தார் என்பது அந்த நொடியே அரங்கத்துக்குத் தெரியும். குத்துச்சண்டையில் 36 நிமிடமும் முடிந்த பிறகுதான் யார் எந்தச் சுற்றை யாருக்குத் தந்தார் என்று தேட வேண்டியிருக்கிறது.

அமெச்சூர் சண்டையில் டிராவே கிடையாது. புள்ளி சமமானாலும் நடுவர் ஒருவரை வெற்றியாளராகச் சொல்லியாக வேண்டும். அதனால் நியாயம் கூடிவிட்டதா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இங்ரிட் வலென்சியாவிடம் மேரி கோம் கடைசி இரண்டு சுற்றுகளையும் 3-2 என்று வென்றார். முதல் சுற்று 4-1 என்று போயிருந்ததால் மொத்தத்தில் 2-3 என்று தோற்றார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு அரையிறுதியில் பார்க் ஜி-னாவைப் புரட்டி எடுத்த சரிதா தேவிக்குத் தோல்வி என்றார்கள். முறையீடும் தள்ளுபடி. பரிசளிப்பு மேடையில் தன் வெண்கலத்தைக் கையில் வாங்கி ஜி-னாவின் கழுத்திலேயே போட்டார் சரிதா. அழுதுகொண்டே செய்த அந்தக் காரியத்துக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள்.

நான்காவது, எட்டாவது சுற்று முடிவில் கார்டுகளை அறிவிக்கும் முறையை உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் பின்பற்றுவதில்லை. முன்னால் இருப்பவர் தெரிந்துகொண்டு ஓட ஆரம்பித்துவிடுவார் என்கிறார்கள். ஓடட்டும். பின்னால் இருப்பவர் துரத்துவார், அதுவும் சண்டைதானே. பாக்கியோவின் மூலையில் நின்றவர்களுக்கு எட்டாவது சுற்றிலேயே உண்மையான எண் தெரிந்திருந்தால் கடைசி மூன்று சுற்றுகளை அவரை எப்படி ஆட வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்பிளிட் டிராவுக்கு மட்டும் ஒரு தனி விதி வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் மறுமோதல், மூன்று நடுவர்களும் புதியவர்கள். லூயிஸும் ஹோலிஃபீல்டும் அதே ஆண்டு நவம்பர் 13-இல் லாஸ் வேகாஸில் மறுபடி மோதினார்கள். 116-112, 117-111, 115-113, மூன்றும் லூயிஸ் பக்கம். கூட்டிப் பாருங்கள், மூன்று கார்டிலும் 228. ஒருவர்கூட 10-10 போடவில்லை. கோடிக்கணக்கான டாலர் புரண்ட சண்டை என்பதால் அந்த மறுமோதல் தானாக வந்தது. பணம் இல்லாத சண்டைக்கு விதி இருந்தால்தான் வரும்.