தரவு வடிவமைப்பு: பள்ளிகளும் அளவுகோல்களும்

ஒரு நிறுவனம் புதிதாகச் சாஃப்ட்வேர் போடத் தீர்மானித்தால் செலவைப் பற்றிப் பேச்சு வரும். காலக்கெடுவைப் பற்றி வரும். யாருடைய சாஃப்ட்வேர் என்பதில் சண்டையே வரும். டேபிளில் உள்ள ஒரு வரி எதைக் குறிக்கிறது என்ற பேச்சு மட்டும் கடைசியில்தான் வரும். அதுவும், விற்பனைப் பிரிவின் ரிப்போர்ட் ஒரு தொகையும் கணக்குப் பிரிவின் ரிப்போர்ட் வேறொரு தொகையும் காட்டி, முதலாளி இரண்டையும் மேஜைமேல் போட்டு விளக்கம் கேட்கும் நாளில்.

அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுதிவைக்கும் கலைதான் தரவு வடிவமைப்பு. அதற்கு அறுபது ஆண்டு மரபு உண்டு. மரபுக்குள் பல பள்ளிகள். ஒன்றையொன்று மறுத்தவை, மறுத்துக்கொண்டே கடனும் வாங்கியவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலையின் நெருக்கடியில் பிறந்தது. பிறந்த வேலையை மறந்து, முறையை மட்டும் இன்னொரு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் ப்ராஜெக்ட்டுகள் இடறுகின்றன.

உதிரிபாகக் கணக்கில் பிறந்தவை

முதல் இரண்டு பள்ளிகளும் தொழிற்சாலையின் பிள்ளைகள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் ஐ.டி.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார். பதிவுகளைச் சங்கிலிகளாகக் கோத்து, ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போகும் வலைப்பின்னல் முறை அது. ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களின் ஆட்களோடு சேர்ந்து ஐ.பி.எம். 1966இல் தொடங்கிய ஐ.எம்.எஸ். மர வடிவத்தை எடுத்துக்கொண்டது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலைச் சமாளிக்க வந்த முறை. பெரிய பகுதிக்குள் சிறிய பகுதி, அதற்குள் இன்னும் சிறியது என்று இறங்கும் பட்டியலுக்கு மர வடிவம் இயல்பாகவே பொருந்தியது.

இரண்டுமே வேகமானவை. ஐ.எம்.எஸ். இன்றும் பெரிய வங்கிகளில் ஓடுகிறது. ஆனால் தரவைத் தேடும் நிரலாளருக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும். 1973இல் கணினித் துறையின் உயரிய விருதான ட்யூரிங் விருது பெற்ற பாக்மன் தம் விருது உரையில் நிரலாளரைத் தரவுக்குள் வழி கண்டு செல்லும் மாலுமியாகவே சித்திரித்தார். பாதையை மாற்றினால் மாலுமியின் வரைபடம், அதாவது எழுதிவைத்த நிரல், பழையதாகிவிடும்.

கணிதத்திலிருந்து வந்தது

அந்தப் பலவீனத்தைத்தான் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்த எட்கர் காட் பிடித்துக்கொண்டார். 1970 ஜூனில் வெளிவந்த அவருடைய கட்டுரை ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொள்கிறது: உதிரிபாகங்கள், அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்கள். இதையே ஐந்து வெவ்வேறு விதமாக அடுக்கலாம் என்று காட்டி, ஓர் அடுக்குமுறைக்கு எழுதிய நிரல் மற்றவற்றுள் பெரும்பாலானவற்றில் செல்லாது என்று நிறுவினார். அவர் தந்த மாற்று, தரவை வெறும் டேபிள்களாக வைப்பது. டேபிள்களுக்கிடையே பாதை போடாமல் பொதுவான மதிப்புகளாலேயே இணைப்பது. 1974இல் மிஷிகனின் ஆன் ஆர்பர் நகரில் பாக்மன் தரப்பும் காட் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. பத்தாண்டுக்குள் சந்தை காட் பக்கம் சாய்ந்தது. 1981இல் அவருக்கும் ட்யூரிங் விருது கிடைத்தது.

இந்தப் பள்ளியின் ஒழுக்கவிதிகள்தாம் நார்மல் ஃபார்ம்கள். கல்லூரியில் இவற்றை ‘ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் வைக்காதே’ என்று சுருக்கிச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சுருக்கம் ஆபத்தானது. வாடிக்கையாளரின் முகவரி அவருடைய மாஸ்டர் பதிவிலும் இருக்கிறது, ஒவ்வொரு பில்லிலும் இருக்கிறது என்று பார்த்து, பில்லிலிருந்து நீக்கிவிட்ட நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வாடிக்கையாளர் வீடு மாறிய மறுநாள், மூன்று வருடத்துக்கு முந்தைய பில்லும் புது முகவரியோடு அச்சாகும். இப்போதைய முகவரி ஓர் உண்மை. பில் போட்ட அன்று இருந்த முகவரி வேறோர் உண்மை. இரண்டும் ஒரே எழுத்துகளில் இருப்பது தற்செயல். ஒவ்வோர் உண்மையையும் அதை அடையாளம் காட்டும் சாவியின்கீழ் வை என்பதே காட் சொன்னது.

படம் வரைவோர்

டேபிள்களைக் காட்டினால் கிளை மேலாளருக்குப் புரியாது. 1976இல் பீட்டர் சென் எழுதிய கட்டுரை இந்த இடைவெளியை நிரப்பியது. பெட்டி ஒரு பொருளைக் குறிக்கும், சாய்சதுரம் உறவைக் குறிக்கும். அதிகாரியும் நிரலாளரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். பிறகு கார்டன் எவரஸ்ட், ஜேம்ஸ் மார்ட்டின், ரிச்சர்ட் பார்க்கர் முதலியோர் வழியாகக் காகக்கால் குறியீடு பரவியது. ‘பல’ என்பதைக் காட்ட முக்கிளையாகப் பிரியும் கோடு. அமெரிக்க விமானப் படையின் திட்டத்தில் உருவான ஐடெஃப்1எக்ஸ் குறியீடு 1993இல் அந்நாட்டு அரசின் தரமாகி, 2008இல் விலக்கப்பட்டது. குறியீடுகள் வந்துபோகும். கேட்கவேண்டியது ஒன்றுதான்: படத்தைப் பார்த்து, தொழில் தெரிந்தவர் ‘இது தப்பு’ என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை.

கிடங்குக்காரர்கள்

காட் வழி டேபிள்கள் பில் போடச் சிறந்தவை. ஐந்து ஆண்டு விற்பனையை ஊர்வாரியாகக் கேட்டால் திணறும். அங்கே இரண்டு பள்ளிகள் பிரிந்தன. பில் இன்மன், நிறுவனம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த தரவுக் கிடங்கை முதலில் கட்டி, அதிலிருந்து துறைகளுக்குப் பிரித்துத் தரச் சொன்னார். 1996இல் நூல் எழுதிய ரால்ஃப் கிம்பல், ஒவ்வொரு தொழில் நடவடிக்கையாக எடுத்து நட்சத்திர வடிவில் கட்டிக்கொண்டே போகச் சொன்னார்: நடுவில் அளவுகள், சுற்றிலும் நாள், பொருள், கடை, வாடிக்கையாளர் போன்ற பரிமாணங்கள். எல்லா நட்சத்திரங்களுக்கும் அந்தப் பரிமாணங்கள் பொதுவாக இருந்தால் முழுமை தானே வந்து சேரும் என்பது அவர் கணக்கு.

கிம்பல் பள்ளியின் பெரிய கொடை ‘கிரெயின்’. எதையும் வரைவதற்கு முன், நடு டேபிளின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ஒரு பில்லா, பில்லிலுள்ள ஒரு பொருளா, ஒரு நாளின் மொத்தமா? இதைக் கலந்துவிட்டால் கூட்டல் பொய் சொல்லும். இன்னொன்று, மெல்ல மாறும் பரிமாணம். மதுரை வாடிக்கையாளர் கோவைக்குக் குடிபோனால் பழைய விற்பனை எந்த ஊர்க் கணக்கு? பழைய வரியின் மேலேயே எழுதினால் கோவை. தேதி வரம்போடு புது வரி சேர்த்தால் பழையது மதுரையிலேயே நிற்கும். இரண்டும் முறைதான். எது வேண்டும் என்பதை விற்பனை மேலாளர் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் நிரலாளர் முடிவெடுப்பதுதான் வழக்கமான கோளாறு.

டான் லின்ஸ்டெட் வகுத்த டேட்டா வால்ட், தணிக்கைக்கு அஞ்சும் நிறுவனங்களுக்கு ஏற்றது. அடையாளம் ஓரிடம், உறவு ஓரிடம், விவரங்கள் ஓரிடம். ஒவ்வொரு விவரத்தோடும் எந்த அமைப்பிலிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு. எதையும் அழிப்பதில்லை, திருத்துவதில்லை, சேர்ப்பது மட்டுமே.

கேள்விக்கேற்ற வடிவம்

2006இல் கூகுளின் பிக்டேபிள், 2007இல் அமேசானின் டைனமோ பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வந்தபின் தரவின் அமைப்பை முன்கூட்டியே வகுக்கும் ஸ்கீமாவே வேண்டாம் என்ற முழக்கம் எழுந்தது. அமேசானுக்கு இருந்த நெருக்கடி உண்மையானது: எந்த இயந்திரம் விழுந்தாலும் வாங்குபவர் கூடையில் பொருளைப் போட முடிய வேண்டும். அந்த நெருக்கடி இல்லாதவர்களும் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டேபிளில் எழுதாத விதி காணாமல் போவதில்லை. நிரலுக்குள் போய் நூறு இடத்தில் ஒளிந்துகொள்கிறது.

எரிக் எவன்ஸ் 2003இல் எழுதிய நூலின் போதனை இதைவிடப் பயனுள்ளது. நிறுவனம் முழுமைக்கும் ஒரே விளக்கத்தைத் திணிக்காமல், ஒவ்வோர் எல்லைக்குள்ளும் விளக்கத்தைத் தெளிவாக்கி, எல்லைகள் சந்திக்கும் இடத்தில் மாற்றித்தருவது. ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் கட்டத் தவறி கிரேஸ் பீரியடில் நிற்கும் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டுப் பிரிவுக்கு அது உயிரோடிருக்கும் பாலிசி. வசூல் பிரிவுக்கு அது நிலுவை. இரண்டு பேர் சொல்வதும் சரி. டேபிளின் ஒரே கட்டத்தில் ஒரே குறியீட்டால் இரண்டையும் குறிக்க முயன்றால்தான் தகராறு.

தரங்கள்

பள்ளிகளுக்குள் எவ்வளவு வாதம் இருந்தாலும் தரங்கள் பொதுச்சொத்து. டேபிள்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பத்தை ஐ.எஸ்.ஓ. 8601 தீர்க்கிறது, ஆண்டு முதலில், நாள் கடைசியில். ஐ.எஸ்.ஓ. 11179 ஒரு தரவுக்கூற்றுக்குப் பெயர், விளக்கம், அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் ஆகியவற்றை எப்படிப் பதிவது என்று வகுக்கிறது. தரவு மேலாண்மையாளர்களின் டாமா அமைப்பு 2009இல் வெளியிட்டு 2017இல் விரித்த கையேடு, தரவு மேலாண்மையைப் பதினொரு துறைகளாகப் பகுக்கிறது. வடிவமைப்பு அதில் ஒன்றே ஒன்று. ஆளுகை, தரம், மாஸ்டர் தரவு, பாதுகாப்பு முதலியவை மற்றவை.

2008 நிதி நெருக்கடியில் ஒரே கடனாளியிடம் மொத்தம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று பல வங்கிகளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. அதன் விளைவாக, வங்கி மேற்பார்வைக்கான பாசெல் குழு 2013 ஜனவரியில் இடர்த்தரவு பற்றிய 14 கோட்பாடுகளை வெளியிட்டது. தரவுக்கு யார் பொறுப்பு என்பது அங்கே இயக்குநர் குழுவின் விஷயமாயிற்று.

நம் நாட்டு எண்களிலும் பள்ளிகள் தெரிகின்றன. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் ஊரோ வயதோ கிடையாது. கடைசி இலக்கம் பிழை கண்டுபிடிக்க. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இடங்களில் பெரும்பாலானவை பேசுகின்றன: தமிழ்நாட்டுக்கு 33, பிறகு பான் எண், பிறகு அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பேசும் எண் பார்த்தவுடன் பயன்படும். ஆனால் அதையே வாடிக்கையாளர் மாஸ்டரின் சாவியாக்கினால், நான்கு மாநிலங்களில் பதிவுள்ள ஒரே கம்பெனி நான்கு வாடிக்கையாளராகிவிடும். பதிவே இல்லாத சிறு கடைக்கு இடமே இருக்காது. பெயரும் அப்படியே. பான் விண்ணப்பம் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறது, இனிஷியலை ஏற்பதில்லை. ஆதார் முழுப்பெயரை ஒரே கட்டத்தில் வாங்கிக்கொள்கிறது. ஆர். முருகன் ஓரிடத்தில் முருகன் ராமசாமியாகவும் இன்னோரிடத்தில் முருகனாகவும் நிற்பதற்கு அவர் பொறுப்பல்ல. வடிவமைத்தவர்கள் இருவேறு பெயர்மரபுகளை மனத்தில் வைத்திருந்தார்கள்.

மரபின் அடுத்த வேலை

எந்தப் பள்ளியானாலும் நல்ல வேலையைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். ஒரு வரி எதைக் குறிக்கிறது? அதை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? தப்பானால் திருத்தும் பொறுப்பு எந்த மேஜையில்? இவற்றுக்குப் பதில் எழுதாமல் தொடங்கும் ப்ராஜெக்ட், பழைய தரவைப் புது அமைப்புக்கு மாற்றும் கட்டத்தில் அதே பதில்களைப் பன்மடங்கு செலவில் தேடும்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நான்காவதைச் சேர்த்திருக்கிறது: இந்த விவரத்தை எதற்காக வைத்திருக்கிறோம்? சொன்ன நோக்கம் முடிந்தால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அழிக்க வேண்டும். கிடங்குக்காரர்களின் மரபோ பழையதை அழிக்காதே என்று பழக்கியது. வால்ட் பள்ளி அதை அறமாகவே வைத்திருக்கிறது. வரலாற்றைக் காக்கும் கடமையும் மறக்கும் கடமையும் ஒரே டேபிளில் மோதுகின்றன. தனிமனித அடையாளத்தை வேறிடத்தில் வைத்து அதை மட்டும் அழிப்பது, மறையாக்கத் திறவுகோலை அழிப்பது என்று வழிகள் பேசப்படுகின்றன. அறுபது ஆண்டுகளாக எதை எப்படிச் சேர்ப்பது என்று கற்பித்த மரபு, எதைச் சேர்க்காமல் விடுவது, சேர்த்ததை எப்போது அழிப்பது என்று இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறது. அடுத்த பள்ளி பிறந்தால் இந்த வேலையில்தான் பிறக்கும்.